லோரி பில்லில் அந்த 716 ரிங்கிட் 50 காசு எதுக்குப் போச்சு?



இந்த வருஷ ஆலயக் கணக்கில் ஒரு வரி பலர் கண்ணில் பட்டிருக்கு. "லோரி வாடகை 900.00. லோரி, கூடுதல் கட்டணம் 716.50." ஆண்டுக் கூட்டத்தில் ரெண்டு பேர் நேரடியாகவே கேட்டாங்க. நேரில் கேட்காத சிலர் வாட்ஸ்அப்பில் வேற மாதிரி பேசிக்கிட்டதும் எங்க காதுக்கு வந்துச்சு. கேட்டதில் தப்பே இல்லை. உண்டியலில் விழுகிற ஒவ்வொரு ரிங்கிட்டும் யாரோ ஒருத்தரோட உழைப்பு. 10 கிலோ உள்ளூர் வெள்ளை அரிசி 26 ரிங்கிட்டுன்னா 716.50க்கு 27 மூட்டை அரிசி வாங்கலாம். அன்னதானத்துக்கு எத்தனை வெள்ளிக்கிழமை ஓடும்னு சமையல்கட்டு அம்மாமார்களுக்கு நல்லாவே தெரியும். அதனால தொண்டர்கள் நாங்க உட்கார்ந்து வரி வரியா எழுதிடலாம்னு முடிவு பண்ணோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிங்க. வேற கோயிலில் தொண்டு செய்றவங்களுக்கும், வெளியூரிலிருந்து வியாபாரச் சாமான் இறக்குறவங்களுக்கும் இது உதவும்.

முதல்ல, வந்த சாமான் என்னென்ன? தமிழ்நாட்டிலிருந்து ஒரு கருங்கல் பீடம், ஒரு மரக் குதிரை வாகனம், ரெண்டு பெட்டி பித்தளை விளக்கு. சென்னையில் கப்பல் ஏறி, பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் இறங்கினது. அங்கிருந்து பாலம் தாண்டி ஜார்ஜ்டவுன் வந்து எங்க சந்துக்குள்ள நுழையணும். கப்பல் பாதியைவிட இந்தக் கடைசிப் பாதிதான் தலைவலி.

அந்தக் காலத்தில் இப்படி இல்லை. தைப்பூசத்துக்கு லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகிற நகரத்தார் வெள்ளி ரதம், காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலில் இங்கே வந்தது. அப்போ துறைமுகம் தீவிலேயே இருந்துச்சு. கரையில் இறக்கினா கோயில் கூப்பிடு தூரம். பினாங்கு அப்போ வரியில்லாத் துறைமுகம் வேற. அந்தச் சலுகை 1969இல்தான் போச்சு. இன்னைக்குக் கொள்கலன் எல்லாம் அக்கரையில் பட்டர்வொர்த்தில்தான் இறங்குது. 1985இல் முதல் பாலமும் 2014இல் ரெண்டாவது பாலமும் வந்தாச்சு. பெர்ரியில் 2021 தொடக்கத்திலிருந்து நாலு சக்கர வாகனம் ஏத்துறது இல்லை. ஆக, தீவுக்குள்ள வர்ற லோரிக்குப் பாலத்தை விட்டா வழி கிடையாது. அதனாலதான் பல லோரி கம்பெனிகள் பெருநிலத்துக்கு ஒரு விலை, தீவுக்கு ஒரு விலைன்னு வச்சிருக்காங்க.

இப்போ பில்லுக்கு வருவோம். கம்பெனி பேரைச் சொல்லப் போறதில்லை. யாரையும் குறை சொல்றதுக்காக இதை எழுதல.

கொட்டேஷனில் இருந்தது 900 ரிங்கிட். அது அடிப்படை வாடகை மட்டும்தான்னு எங்களுக்குத் தெரியும். பொருளாளர் அம்மா அடியில் இருந்த பொடி எழுத்தைச் சுத்தி முன்னாலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டு வச்சிருந்தாங்க. அதனால மொத்தம் 1,500 ஒதுக்கி வச்சிருந்தோம். வந்த முதல் பில் 1,976 ரிங்கிட் 90 காசு. அதில் கூடுதலா எழுதியிருந்தது இவ்வளவும்:

காத்திருப்பு, 3 மணி நேரம்: 180
கிரேன் லோரிக்கு: 200
கூடுதல் ஆள், ரெண்டு பேர்: 160
டோலும் நுழைவுச் செலவும்: 40
டீசல் கூடுதல், 5 விழுக்காடு: 45
மறு விநியோகம்: 300
குடோன் வாடகை, 2 நாள்: 40
இதெல்லாத்துக்கும் மேல சேவை வரி 6 விழுக்காடு: 111.90

ஒவ்வொண்ணா பார்ப்போம்.

காத்திருப்பு. லோரி வாசலுக்கு வந்ததிலிருந்து முதல் ஒரு மணி நேரம் இலவசம். அதுக்கு மேல மணிக்கு 60 ரிங்கிட். காலையில் 9 மணிக்கு வந்த லோரி 1 மணிக்குத்தான் கிளம்புச்சு. அதில் ஒரு மணி நேரம் மழை. மழைக்கு யாரும் பொறுப்பில்லை, ஆனா கடிகாரம் ஓடும். மீதி நேரம், பீடத்தை லோரி நின்ன இடத்திலிருந்து வாசல் வரைக்கும் கட்டை உருளையில் வச்சு உருட்டியே ஓடிப் போச்சு. "இது நியாயமா?"ன்னு எங்களில் சிலரே முணுமுணுத்தாங்க. லோரி ஓட்டி வந்த தம்பி மோர் குடிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னார். "அண்ணே, எனக்கு ட்ரிப் கணக்குலதான் காசு. இங்க நாலு மணி நேரம் நின்னா இன்னைக்கு ரெண்டாவது ட்ரிப் போச்சு. கம்பெனி உங்ககிட்ட வாங்கினாத்தான் எனக்கு ஏதாவது தருவாங்க." அதுக்கப்புறம் யாரும் முணுமுணுக்கல. காத்திருப்புக் கட்டணம்னா நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி ஒருத்தரோட அரை நாள் சம்பளம். அதை மனசார கொடுத்தோம்.

கிரேன் லோரி. பீடம் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், அரை மீட்டர் உயரம். பார்க்கச் சின்னதாத்தான் இருக்கும். கருங்கல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன் எடை. அப்படின்னா நம்ம பீடம் ஏறக்குறைய 1,350 கிலோ. அதை ஆள் பிடிச்சு இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. கால் நசுங்கினா 200 ரிங்கிட்டில் முடியாது. இந்த 200ஐப் பத்திப் பேச்சே இல்லை.

கூடுதல் ஆள். பல பேர் கேட்டது இதைத்தான்: "நம்ம பசங்க இருக்காங்களே, ஏன் காசு கொடுத்து ஆள்?" ஓட்டுநரோட வேலை சாமானைத் தெரு ஓரத்தில் இறக்கி வைக்கிறதோட முடியுது. வாசலுக்குள்ள கொண்டு வர்றது, படி ஏத்துறது எல்லாம் தனிக் கட்டணம். அன்னைக்கு வியாழக்கிழமை, வேலை நாள். கோத்தோங் ரோயோங்குக்கு வந்தவங்க நாலே பேர், அதில் ரெண்டு பேர் அறுபதைத் தாண்டின ஐயாமார்கள். கல் உருட்டத் தெரிஞ்ச ரெண்டு பேர் வேண்டியிருந்துச்சு, வச்சோம்.

டோல். பாலத்தில் தீவுக்கு வர்ற பக்கம் மட்டும்தான் டோல், திரும்பிப் போறப்போ கிடையாது. லோரிக்குக் காரைவிட அதிகம். ரெண்டு அச்சு லோரி ஒரு வகை, மூணு அச்சும் அதுக்கு மேலும் இன்னொரு வகை. ரசீது கேட்டோம், கொடுத்தாங்க.

டீசல். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு ஒரே நாளில் ஏறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதே சமயம், தகுதியுள்ள சரக்கு லோரிகளுக்கு அரசாங்கத்தோட பிளீட் கார்டில் பழைய 2.15 விலைக்கே கொடுத்தாங்க. அதனால யாராவது "டீசல் ஏறிடுச்சு"ன்னு பொதுவா சொன்னா, "உங்க லோரிக்கு பிளீட் கார்டு இருக்கா?"ன்னு மரியாதையா ஒரு வார்த்தை கேட்கலாம். நம்ம பில்லில் இருந்த 5 விழுக்காடு கொட்டேஷனிலேயே எழுதியிருந்தது. ஒத்துக்கிட்டதைக் கொடுத்தோம்.

சேவை வரி. லாஜிஸ்டிக்ஸ் சேவைக்கு 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காடு வரி உண்டு. பதிவு பெற்ற கம்பெனி அதை வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டணும். கோயில் என்றதால அது தானா விலகிடாது. ஆனா ஒரு விஷயம் கவனிங்க: வரி மொத்தத் தொகை மேல வருது. தேவையில்லாத 100 ரிங்கிட் பில்லில் இருந்தா நாம 106 கட்டுறோம்.

இப்போ மீதி ரெண்டு வரி. மறு விநியோகம் 300, குடோன் 40.

இது ஏன் வந்துச்சு? வியாழன் காலை 9 மணின்னு பேசி முடிச்சிருந்தோம். லோரியோ செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு, ஒரு போன்கூடப் பண்ணாம வந்து நின்னிருக்கு. கோயில் நடை திறந்திருந்தாலும் சாமான் இறக்க ஆள் இல்லை. குருக்கள் ஐயா ஒருத்தர்தான் இருந்தார். லோரி திரும்பிப் போச்சு. சாமான் ரெண்டு நாள் அவங்க குடோனில் கிடந்தது. அப்புறம் வியாழன் காலையில் சரியா வந்தாங்க. பில்லில் மட்டும் "வாடிக்கையாளர் தயாராக இல்லை"ன்னு எழுதி 340 போட்டுட்டாங்க.

எங்க செயலாளர் கோபப்படல. வியாழன் 9 மணின்னு அவங்க ஆபீஸ் அனுப்பின வாட்ஸ்அப் பதிலைப் படம் எடுத்து, பில் நம்பரோட ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நாலு வரிதான். ரெண்டு நாளில் திருத்தின பில் வந்துச்சு. 340 போச்சு, அதுக்கான வரியும் போச்சு. மொத்தம் 360 ரிங்கிட் 40 காசு குறைஞ்சு 1,616.50 ஆச்சு. அதில் 900 வாடகை, மீதி 716.50. கணக்கில் நீங்க பார்த்த தொகை இதுதான். ஒதுக்கினதைவிட 116.50 அதிகம்; அதைத் திருப்பணி நிதியிலிருந்து கொடுத்தோம். அன்னதானக் கணக்கில் கை வைக்கல. பழைய பில், புது பில், டோல் ரசீது, மின்னஞ்சல் எல்லாம் ஆலய அலுவலகத்தில் ஒரே கோப்பில் இருக்கு. யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம்.

இனிமே சொல்லப்போறது பில்லைவிட முக்கியம். உபயம் செய்றவங்க தயவுசெய்து இதைப் படிங்க.

ஊருக்குப் போற நம்ம பக்தர்கள் பலர் ஆசை ஆசையா ஒரு மணி, ஒரு விளக்கு, ஒரு வாகனம்னு சாமிக்கு வாங்கி அனுப்புறாங்க. அந்த அன்புக்கு விலை கிடையாது. கடைக்காரர் "பினாங்கு வரைக்கும் எல்லாம் கட்டியாச்சு"ன்னு சொல்லி அனுப்பி வைப்பார். வியாபார மொழியில் அதுக்கு சி.ஐ.எஃப்.னு பேர். சாமான் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூணும் அடக்கம். ஆனா துறைமுகத்தோட அது முடியுது. கப்பலிலிருந்து இறக்கி, மத்தவங்க சாமானோட கலந்து வந்த கொள்கலனைப் பிரிச்சு, குடோனில் வச்சு, சுங்கத்தில் காகிதம் காட்டி, லோரியில் ஏத்தி, பாலம் தாண்டி, கோயில் வாசல் வரைக்கும் ஆகிற செலவு பெறுகிறவர் தலையில்தான் விழும். இங்கே பெறுகிறவர் கோயில். சில சமயம் கப்பல் கூலியை ரொம்பக் குறைச்சுக் காட்டி, அந்தக் காசை இந்தப் பக்கத்துக் கட்டணத்தில் பிடிக்கிற வழக்கமும் தொழிலில் உண்டு. உபயகாரருக்கு இது தெரியாது, தெரியணும்னு அவசியமும் இல்லை. அதனாலதான் சொல்றோம்: அனுப்புறதுக்கு முன்னால எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. வாசல் வரைக்கும் எவ்வளவு ஆகும்னு இங்கேயே விசாரிச்சுச் சொல்றோம்.

அளவும் எடையும் பத்தி ஒரு விஷயம். கப்பலில் பகிர்ந்து அனுப்புற சாமானுக்கு எடை எத்தனை டன், இடம் எத்தனை கன மீட்டர்னு பார்த்து, ரெண்டில் எது பெரிசோ அதுக்குத்தான் கூலி. நம்ம பீடம் அரை கன மீட்டர்தான், ஆனா 1.35 டன், கல்லுக்கு எடைதான் கணக்கு. குதிரை வாகனம் தலைகீழ். எடை 180 கிலோதான். ஆனா பெட்டி 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம். 3.6 கன மீட்டர். மரக் குதிரைக்குக் கல் பீடத்தைவிட ரெண்டரை மடங்குக்கு மேல கூலி! அடிப்பலகையைக் கழட்டித் தனியா வச்சு உயரத்தை 1.5 மீட்டருக்குக் கொண்டு வந்திருந்தா 3 கன மீட்டரில் முடிஞ்சிருக்கும். ஸ்தபதிகிட்ட ஆர்டர் கொடுக்கிறப்பவே "கழட்டி மாட்டுற மாதிரி செய்ங்க"ன்னு சொன்னா அவருக்கு அது பெரிய வேலை இல்லை. லோரிக்காரங்களும் இப்படித்தான். எடை குறைவா இருந்தாலும் இடத்தை அடைச்சா இடத்துக்குத்தான் காசு.

மரப்பெட்டி. இதில் பலர் மாட்டிக்கிறாங்க. நாடு விட்டு நாடு போகிற பச்சை மரப் பெட்டி, பலகை எல்லாம் பூச்சி இல்லாமல் பக்குவம் செய்திருக்கணும். வெப்ப முறைன்னா மரத்தோட நடுப்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிஷம் இருக்கணும். செய்ததுக்கு அடையாளமா கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை பெட்டி மேல குத்தியிருக்கும். அது இல்லைன்னா அதிகாரிங்க நிறுத்தி வைக்கலாம். மருந்து அடிக்க ஒரு செலவு, நின்ன நாளுக்கு ஒரு வாடகை. பித்தளை உடையாம இருக்க வைக்கோல் திணிக்கிற பழக்கத்தையும் விட்டுடச் சொல்லுங்க. துணியோ அட்டையோ போதும்.

நாள் வாடகை. சாமான் துறைமுகத்திலோ குடோனிலோ இலவச நாளைத் தாண்டி நின்னா ஒரு கட்டணம். முழுக் கொள்கலன் எடுத்தவங்களுக்கு, இறக்காம துறைமுகத்தில் கிடந்தா கப்பல் கம்பெனி ஒரு கட்டணம் போடும். வெளியே கொண்டு வந்த பிறகு காலிக் கொள்கலனைத் திருப்பித் தரத் தாமதமானா அதுக்கு இன்னொண்ணு. முதலாவது டெமரேஜ், ரெண்டாவது டிடென்ஷன். பேரு வேற, ஆனா ரெண்டும் நாளைத்தான் எண்ணும். அதனால காகிதம் முன்னால வரணும், சாமான் பின்னால வரணும். இது தலைகீழானா காசு கரையும்.

நாள் பார்க்கிறதும் முக்கியம். சீனப் புத்தாண்டு, ஹரி ராயா சமயத்தில் கனரக வாகனங்களுக்கு ஜே.பி.ஜே. சில நாள் தடை போடும். 2025இல் சீனப் புத்தாண்டு ஜனவரி 29, தைப்பூசம் பிப்ரவரி 11. இப்படி ரெண்டும் அடுத்தடுத்து வர்ற வருஷம் சாமான் ஒரு வாரம் தள்ளிப் போனாலே தடை நாளில் மாட்டும். அதுக்கப்புறம் தைப்பூசத்துக்குத் தெருக்களை மூடிடுவாங்க. விசேஷத்துக்கு வேண்டிய பொருள் குறைஞ்சது ஆறு வாரம் முன்னால பட்டர்வொர்த்தில் இருக்கிற மாதிரி இனி நாங்க திட்டம் போடுறோம்.

கடைசியா, லோரி பேசுறதுக்கு முன்னால நாங்க கேட்கிற கேள்விகள். இதைப் படம் எடுத்து வச்சுக்கோங்க:

1. இந்த விலை தெரு ஓரம் வரைக்குமா, வாசலுக்குள்ளேயா?
2. தீவுக் கட்டணம், டோல், டீசல், வரி உள்ளேயா வெளியேயா?
3. இலவசக் காத்திருப்பு எத்தனை மணி நேரம்? அதுக்கு மேல மணிக்கு எவ்வளவு?
4. எந்த அளவு லோரி வருது? எங்க சந்தில் பெரிய டிரெய்லர் திரும்பாது. அஞ்சடி ஓரம் மோட்டார் சைக்கிள் நிக்கும். படமும் வீடியோவும் அனுப்புறோம், பார்த்துட்டுச் சொல்லுங்க.
5. கிரேன், டெயில் லிப்ட், ஆள் ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு?
6. வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னால யாருக்குப் போன் பண்ணுவீங்க?
7. திரும்பிப் போனா யார் பொறுப்பு, எவ்வளவு?
8. சாமான் உடைஞ்சா யார் கொடுப்பாங்க?

பதிலை எழுத்தில் வாங்குங்க. வாட்ஸ்அப்பாக இருந்தாலும் போதும். நமக்கு 360 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு வாட்ஸ்அப் வரிதான்.

அடுத்து வரப் போறது ராஜகோபுரத் திருப்பணிக்கான கல் தூண்கள். பீடத்தைவிடக் கனம். தெருவை மறிச்சு கிரேன் நிறுத்த மாநகர் மன்றத்துக்கிட்டேயும் போலீஸ்கிட்டேயும் முன்கூட்டியே கேட்கணும், அதுக்கான கடிதம் தயாராகுது. இறக்கிற நாளை ஞாயிற்றுக்கிழமையா வைக்கச் சொல்லிப் பேசுறோம். தேதி உறுதியானதும் இங்கேயே போடுறோம். தோள் கொடுக்க 12 பேர் வேணும். கல் உருட்டத் தெரிஞ்சவங்க, கிரேன் வேலை தெரிஞ்சவங்க, லோரித் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற ஐயாமார்கள் யாராவது இருந்தா பேர் கொடுங்க. காலைப் பசியாறலும் மதிய அன்னமும் கோயிலில். லோரி ஓட்டி வர்றவருக்கும் சேர்த்துத்தான் சமைப்போம்.

கணக்கில் வேற எந்த வரி புரியலைன்னாலும் கேளுங்க. கீழேயே கேட்கலாம், நேரிலும் வரலாம். வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்ச பிறகு பொருளாளர் அம்மா கோப்போட அலுவலகத்தில் இருப்பாங்க.

எல்லாம் வல்ல முருகப்பெருமான் திருவருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

ஆலயத் தொண்டர்கள்